ஒரு பேரைப் பிடிச்சு போனா அடுத்தவர் தானா வருவார்

1991ல நியூயார்க்ல 20ஆம் நூற்றாண்டு ஆப்பிரிக்கக் கலையைப் பத்தி ஒரு பெரிய கண்காட்சி நடந்துச்சு. அதுல மாலி நாட்டு பமாக்கோ நகரத்துல எடுத்த சில ஸ்டூடியோ போட்டோக்களையும் மாட்டியிருந்தாங்க, ஆனா எடுத்தது யாருன்னு போடல, போட்டோகிராபர் பேர் தெரியலைன்னு மட்டும் எழுதியிருந்தாங்க. அதைப் பார்த்த, கலைப் பொருள் சேகரிக்கிற ஒருத்தருக்கு அந்தப் படங்கள் மனசை விட்டுப் போகல, அவர் தன்னோட ஆளை மாலிக்கு அனுப்புறாரு, போனவர் பமாக்கோவுல இறங்கி ஒரு டாக்ஸி பிடிக்கிறாரு, டாக்ஸிக்காரர் நேரா ஒரு போட்டோ ஸ்டூடியோவுக்கு கூட்டிட்டுப் போறாரு. அந்த ஸ்டூடியோ ஓனர் படங்களைப் பார்த்ததுமே இது யாரு எடுத்ததுன்னு சொல்லிட்டாரு. எடுத்தவர் செய்டு கெய்ட்டா. அடையாளம் சொன்னவர் மாலிக் சிடிபே.

அதாவது நியூயார்க்குக்குத் தெரியாத பேரு பமாக்கோவுல ஒரு டாக்ஸி தூரத்துல இருந்திருக்கு! எனக்கு இந்தக் கதை ரொம்ப முக்கியம், ஏன்னா மத்த நாட்டுக் கலைஞர்களைத் தேடணும்னு ஆசைப்படுற யாருக்கும் இதுலயே வழி இருக்கு. அவங்க யாரும் எங்கயும் ஒளிஞ்சு கிடக்கல. அவங்க ஊர்ல அவங்களை எல்லாருக்கும் தெரியும், நாமதான் லேட்டா போறோம். அதனால "பார்க்க வேண்டிய டாப் 50" லிஸ்ட்டெல்லாம் வச்சுக்கிட்டு தேடுறதை விட ஒருத்தரைக் கெட்டியா பிடிச்சுக்கிட்டு, அவர் பக்கத்துல நின்னது யாரு, அவருக்கு சொல்லிக் கொடுத்தது யாரு, அவர் படத்துல ஆடுறவங்க கேட்ட பாட்டு என்னன்னு கேட்டுக்கிட்டே போறதுதான் சரின்னு நான் முழுசா நம்புறேன்.

கெய்ட்டாவையே எடுத்துக்கலாம். 1948ல பமாக்கோவுல ஸ்டூடியோ ஆரம்பிச்சாரு, யார்கிட்டயும் கோர்ஸ் படிக்கல, சின்ன வயசுல மாமா வாங்கிக் கொடுத்த ஒரு கோடக் பிரௌனி கேமராவுல ஆரம்பிச்சவரு. பெரும்பாலும் வாசல் முற்றத்துல வெயில் வெளிச்சத்துலதான் எடுப்பாரு. பின்னாடி தொங்கவிட முதல்ல தன்னோட படுக்கை விரிப்பையே எடுத்து மாட்டியிருக்காரு, அப்புறம் சில வருஷத்துக்கு ஒரு தடவை துணியை மாத்துவாரு, பின்னாளில பழைய போட்டோவைக் காட்டினா அந்தத் துணியை வச்சே எந்தக் காலம்னு சொல்லிடுவாராம். பிலிம் விலை அதிகம், அதனால பெரும்பாலும் ஒருத்தருக்கு ஒரே ஒரு ஷாட். அந்த ஒரு ஷாட்டுக்குள்ள தலையை எப்படி சாய்க்கணும், கை எங்க வைக்கணும், எல்லாத்தையும் முன்னாடியே முடிவு பண்ணிடுவாரு. வர்றவங்களுக்குன்னு வாட்ச், பேனா, ரேடியோ, ஸ்கூட்டர்னு ஸ்டூடியோவுலயே வச்சிருப்பாரு, நல்லா டிரெஸ் பண்ணிட்டு வந்து அதுல ஒண்ணைக் கையில வச்சுக்கிட்டு நிப்பாங்க. பூப்போட்ட துணிக்கு முன்னாடி பூப்போட்ட உடுப்புல ஒரு அம்மா உக்காந்திருக்கும்போது, எது துணி எது உடுப்புன்னு கண்ணு கொஞ்ச நேரம் தடுமாறும், அப்புறம் மொத்தப் படத்துலயும் முகம் மட்டும் தனியா எழுந்து நிக்கும். எவ்வளவு நேரம் பார்த்தாலும் எனக்கு அலுக்காத படங்கள் இவை.

சரி, அந்த டாக்ஸி போய் நின்ன ஸ்டூடியோவோட மாலிக் சிடிபே? அவர் அடுத்த தலைமுறை. 1960ல மாலிக்கு சுதந்திரம் கிடைக்குது, ஊர்ல இளவட்டங்க கிளப் கிளப்பா சேர்ந்து ராத்திரி பார்ட்டி வைக்கிறாங்க, சிடிபே சின்ன கேமராவையும் பிளாஷையும் எடுத்துக்கிட்டு சனிக்கிழமை ராத்திரி ஒவ்வொரு பார்ட்டியா போவாரு. அப்புறம் ஸ்டூடியோவுக்கு வந்து பிலிம் கழுவி, குட்டி குட்டி பிரிண்ட்டா போட்டு, கலர் அட்டையில ஒட்டி வச்சிடுவாரு, ஆடினவங்க வந்து தன் படத்தைத் தேடி ஆர்டர் கொடுப்பாங்க. 1963 கிறிஸ்துமஸ் ராத்திரி எடுத்த ஒரு படம் உலகம் பூரா பிரபலம், ஒரு அண்ணனும் தங்கச்சியும் நெத்தியோட நெத்தி உரசுற மாதிரி குனிஞ்சு ஆடுறாங்க, அந்தப் பொண்ணு காலு வெறுங்காலு. 2007ல வெனிஸ் பியெனாலேங்கிற பெரிய கலைக் கண்காட்சி அவருக்கு வாழ்நாள் சாதனைக்கான தங்கச் சிங்கம் விருது கொடுத்துச்சு, அதுவரைக்கும் எந்த போட்டோகிராபருக்கும் கொடுத்ததில்ல.

இந்தப் படத்தைப் பார்த்ததும் எனக்கு வந்த முதல் கேள்வி, இவங்க என்ன பாட்டுக்கு ஆடிக்கிட்டு இருக்காங்க? இந்த ஒரு கேள்விலதான் போட்டோல இருந்து மியூசிக்குக்கு கதவு திறக்குது. அந்தக் காலத்து பமாக்கோ பார்ட்டிகள்ல அமெரிக்க ராக், சோல் எல்லாம் ஓடும், கூடவே கியூபா நாட்டு ரெக்கார்டுங்க நிறைய ஓடும். கியூபாவுக்கு ஆப்பிரிக்காவுல இருந்து அடிமைகளா இழுத்துட்டுப் போனவங்களோட தாளம், அங்க ஸ்பானிஷ் கிட்டாரோட கலந்து, நூற்றாண்டுகள் கழிச்சு இசைத்தட்டா ஆப்பிரிக்காவுக்கே திரும்பி வந்திருக்கு, இவங்களுக்கு அது வெளிநாட்டுப் பாட்டாவே படல.

1996ல ஒரு லண்டன் ரெக்கார்டு கம்பெனிக்காரர் நிக் கோல்ட், இந்த ரெண்டு ஊரையும் ஒரே ரூம்ல உக்கார வைக்கலாம்னு பிளான் பண்றாரு. மாலி கலைஞர்கள் ஹவானாவுக்கு வரணும், கியூபாக்காரங்களோட சேர்ந்து வாசிக்கணும், அமெரிக்க கிட்டார் கலைஞர் ரை கூடர் கூட இருக்கணும். ஸ்டூடியோ புக் ஆயிடுச்சு, ஆனா மாலில இருந்து அவங்களால வந்து சேர முடியல. சும்மா இருக்கிற ஸ்டூடியோவுல உள்ளூர் பழைய ஆளுங்களைக் கூப்பிட்டு ரெக்கார்ட் பண்றாங்க, அதுதான் புவெனா விஸ்டா சோஷியல் கிளப்ங்கிற ஆல்பம்! இப்ராஹிம் ஃபெரர் அப்போ பாடுறதையே விட்டுட்டு ஷூ பாலிஷ் போட்டுக்கிட்டு இருந்தவரு, வயசு எழுபதை நெருங்கிடுச்சு. பியானோ வாசிச்ச ரூபென் கொன்சாலெஸ்கிட்ட அப்போ சொந்தமா வாசிக்கிற நிலைமையில ஒரு பியானோ கூட இல்ல. அந்த ஆல்பத்துல அவரோட விரல் ஓடுறதைக் கேட்டுப் பாருங்க, அவ்வளவு வருஷம் அடக்கி வச்சதெல்லாம் ஒண்ணா வெளிய வர்ற மாதிரி எனக்குத் தோணும். அன்னிக்கு நடக்காம போன மாலி-கியூபா சந்திப்பு 2010லதான் அஃப்ரோகியூபிஸம்ங்கிற ஆல்பமா வந்துச்சு, அதுல கோரா வாசிச்சது தூமானி ஜபாத்தே. கோரான்னா 21 தந்தி இருக்கிற மேற்கு ஆப்பிரிக்க வாத்தியம், பெரிய சுரைக்குடுக்கைல செய்றது, ஒரே ஆளு அடித்தாளம், மெட்டு, மேல நகாசுன்னு மூணையும் ஒரே நேரத்துல வாசிக்கிறாரு. இவரும் நிஜெர் ஆத்தங்கரைல இருக்கிற நியாஃபுங்கே ஊர்க்காரர், கிட்டார் கலைஞர் அலி ஃபார்க்கா தூரேவும் சேர்ந்து 2005ல வெளியிட்ட ஆல்பத்தை ஹெட்போன் போட்டு முதல்ல இருந்து கடைசி வரைக்கும் ஒரே மூச்சுல கேளுங்க, ஷஃபிள்ல போடாதீங்க ப்ளீஸ்.

பாருங்க, ஒரு போட்டோல ஆரம்பிச்சு எங்க வந்துட்டோம்னு.

அலி ஃபார்க்கா பத்தி இன்னொண்ணு. அமெரிக்க ப்ளூஸ் மாதிரி இருக்கேன்னு யார் சொன்னாலும் அவர் அதை அப்படியே ஏத்துக்கல, வேர் இங்க ஆப்பிரிக்காவுலதான்னு கடைசி வரைக்கும் சொல்லிக்கிட்டே இருந்தாரு. உலகப் புகழ் வந்த அப்புறமும் ஊருக்குத் திரும்பி விவசாயம் பார்த்தாரு, 2004ல அந்த ஊர் மேயராவும் ஆனாரு. இவரையெல்லாம் "வேர்ல்ட் மியூசிக்"னு ஒரே தட்டுல அடுக்கினதே 1987ல லண்டன்ல சில ரெக்கார்டு கம்பெனிக்காரங்க கூடிப் பேசி கடைல விக்க வசதியா இருக்கட்டும்னு எடுத்த முடிவு. அதுக்கு அவங்களுக்கு நியாயமான காரணம் இருந்திருக்கலாம், ஆனா கேக்குற நமக்கு அந்தத் தட்டு தேவையே இல்ல, கோராவையும் ரஷ்யாவுல இருக்கிற துவா பகுதியோட தொண்டைப் பாட்டையும் பக்கத்துல பக்கத்துல வைக்கிறதுக்கு என்ன இருக்கு சொல்லுங்க.

எத்தியோப்பியாவுக்கு வரேன். இங்க நம்ம காதுக்குன்னே ஒரு விஷயம் இருக்கு. அவங்க இசைல கினிட்னு சொல்ற சில அஞ்சு ஸ்வர அமைப்புகள் இருக்கு, அதுல முக்கியமானது திசிதா, அதோட ஒரு வகை ஸ ரி க ப த, அதாவது அப்படியே நம்ம மோகனத்தோட ஸ்வரம். கமகம் வேற, நடை வேற, போற வழியும் வேற, ஆனா ஸ்வரம் அதே அஞ்சு. மோகனம் கேட்டு வளர்ந்த காது எத்தியோப்பிய இசைக்கலைஞர் முலாத்து அஸ்தாத்கேவோட இசைல போய் உக்காரும்போது தெரிஞ்ச தெருவுல தெரியாத வீட்டுக்குள்ள நுழைஞ்ச மாதிரி இருக்கும். முலாத்து இன்ஜினியரிங் படிக்கணும்னு பிரிட்டன் போய், மியூசிக் பக்கம் திரும்பி, லண்டன்ல படிச்சு, அப்புறம் பாஸ்டன் பெர்க்லி காலேஜ்ல சேர்ந்த முதல் ஆப்பிரிக்க மாணவர். அங்க ஜாஸ் கத்துக்கிட்டு அதுக்குள்ள எத்தியோப்பிய ஸ்வரத்தை வச்சாரு.

அடிஸ் அபாபாவுல 60களோட கடைசிலயும் 70கள்லயும் பெரிய ராத்திரி வாழ்க்கை இருந்துச்சு, பேண்டுங்க, கிளப்புங்க, ரெக்கார்டுங்க. 1974ல ராணுவ ஆட்சி வந்துச்சு, ஊரடங்கு போட்டாங்க, ராத்திரி கச்சேரியெல்லாம் நொறுங்கிப் போச்சு. வாலியாஸ் பேண்ட்ல கீபோர்டு வாசிச்ச ஹைலு மெர்ஜியா 80களோட ஆரம்பத்துல அமெரிக்கா போன டூர்ல அங்கேயே தங்கிட்டாரு. 1985ல ஒரு கேசட் போட்டாரு, தனி ஆளா, அக்கார்டியன், எலெக்ட்ரிக் பியானோ, சிந்தசைசர், டிரம் மெஷின். அப்புறம் வருஷக்கணக்கா வாஷிங்டன்ல டாக்ஸி ஓட்டினாரு. கார்லயே ஒரு கீபோர்டு இருக்கும், ஏர்போர்ட் வரிசைல சவாரிக்குக் காத்திருக்கும்போது எடுத்து வாசிச்சுப் பார்ப்பாரு. ஆப்பிரிக்க கேசட்களைத் தேடித் தேடிச் சேர்க்கிற ஒரு அமெரிக்கர் எத்தியோப்பியாவுல ஒரு கடைல அந்த கேசட்டைப் பார்த்து, ஆளைத் தேடிப் பிடிச்சு போன் போட்டு, 2013ல அதைத் திரும்ப வெளியிட்டாரு. மெர்ஜியா மறுபடி மேடை ஏறினாரு, புது ஆல்பமும் போட்டாரு. அந்த 1985 ஆல்பத்துல அக்கார்டியன் சத்தம் கொஞ்சம் நடுங்கி நடுங்கி வரும், எனக்கு அதுல ஊரை விட்டு வந்த ஒருத்தரோட தனிமை கேக்குது.

சில இடத்துல இழுத்துட்டுப் போற நூலே அறுந்து போயிருக்கும். கம்போடியா அப்படி. 60கள்ல சின் சிசமுத், ரோஸ் செரெய் சொதியான்னு பெரிய பாடகர்கள், அவங்க நாட்டு கெமர் மெட்டுல எலெக்ட்ரிக் கிட்டாரும் ஆர்கனும் சேர்த்து பாடினாங்க, கேட்டா இன்னிக்கும் காலு ஆடும். 1975 ஏப்ரல் 17ல கெமர் ரூஜ்ங்கிற கம்யூனிஸ்ட் படை தலைநகரம் நாம்பென்னைப் பிடிச்சாங்க, அடுத்த நாலு வருஷத்துக்குள்ள அந்தத் தலைமுறைக் கலைஞர்கள்ல பெரும்பாலானவங்க இல்லாமப் போயிட்டாங்க. பாட்டு தப்பிச்சது ஜனங்க ஒளிச்சு வச்ச இசைத்தட்டுலயும், வெளிநாட்டுக்குத் தப்பிச்சுப் போனவங்க கொண்டு போன கேசட்டுலயும். அதே கெமர் ரூஜ் காலத்துல குடும்பத்தைப் பறிகொடுத்த பையன் ரித்தி பான், தாய்லாந்து அகதி முகாம் வழியா பிரான்ஸ் போய் சினிமா படிச்சு டைரக்டர் ஆனாரு. 2013ல எடுத்த படத்துல தன் குடும்பத்துக்கு நடந்ததைக் காட்ட அவர்கிட்ட ஒரு பிலிம் துண்டு கூட இல்ல, இருந்ததெல்லாம் ஆட்சியோட பிரச்சாரப் படம்தான், அதனால களிமண்ணுல சின்னச் சின்ன பொம்மை செஞ்சு, பெயிண்ட் அடிச்சு, அதை வச்சே சொல்லியிருக்காரு. பொம்மைங்க அசையாது. அப்படியே நிக்கும். ஆனா அதுக்குள்ள அப்பா அம்மாவை எப்படி உயிரோட உக்கார வச்சாருன்னு எனக்கு இன்னும் புரியல. இவரே நாம்பென்ல பொஃபானா சென்டர்னு ஒண்ணு 2006ல திறந்திருக்காரு, கம்போடியா பத்தின பழைய படம், ஒலி, போட்டோ எல்லாத்தையும் சேர்த்து யார் வேணா வந்து இலவசமா பார்க்கலாம்னு. தான் இழந்ததை அடுத்தவங்களுக்குத் தேடித் தர்ற வேலை அது.

சினிமால இன்னொரு வழியும் சொல்றேன், ஒரு டைரக்டரோட படத் தலைப்பு எங்க இருந்து வந்துச்சுன்னு தேடுங்க. ஈரான் டைரக்டர் அப்பாஸ் கியரோஸ்தமியோட 1999 படத் தலைப்பு ஃபொரூக் ஃபரோக்ஸாத்ங்கிற கவிஞரோட கவிதைத் தலைப்பு. யாரு இவங்கன்னு தேடினா அவங்களே ஒரு படம் எடுத்திருக்காங்க, 1962ல, தப்ரீஸ் பக்கம் ஒரு தொழுநோயாளிகள் குடியிருப்புல, சுமார் 20 நிமிஷம்தான். முகம் சிதைஞ்சவங்களை கேமரா எங்கயும் விலகாம பார்க்குது, பரிதாபமும் படல, பயமும் காட்டல, ஃபொரூக்கோட குரல்ல கவிதை மேல ஓடுது. அங்க இருந்த ஒரு சின்னப் பையனை அப்புறம் தத்தெடுத்துக்கிட்டாங்க. 1967ல கார் விபத்துல இறந்தப்ப வயசு 32. ஈரான் சினிமா பத்திப் பேசுறவங்க கியரோஸ்தமியோட நிறுத்திடுறாங்க, அது எனக்கு வருத்தமா இருக்கு, இவங்க படத்துல இருந்து ஆரம்பிக்கணும்.

செனகல்ல உஸ்மான் செம்பேன் கதை கேளுங்க. மார்செய் துறைமுகத்துல மூட்டை தூக்கின தொழிலாளி, அப்புறம் நாவலாசிரியர். தான் பிரெஞ்சுல எழுதுறது தன் ஜனங்களுக்குப் போய்ச் சேராதுன்னு உணர்ந்து, நாப்பது வயசை ஒட்டி மாஸ்கோ போய் சினிமா கத்துக்கிட்டு வந்தாரு. 1968ல தன் சொந்த வொலொஃப் மொழில படம் எடுத்தாரு. தாய்மொழில ஒரு படம் வர்றதுக்கு ஒரு நாடு எவ்வளவு தூரம் போக வேண்டியிருந்துச்சு!

தேடுறதுக்கு சில விஷயம் நான் செய்றது, உங்களுக்கும் உதவும். கலைஞர் பேரை இங்கிலீஷ்ல தேடாதீங்க, விக்கிபீடியால அவங்க சொந்த எழுத்துல, அம்ஹாரிக்கோ பாரசீகமோ கெமரோ, பேரைக் காப்பி பண்ணி யூடியூப்ல போடுங்க, இங்கிலீஷ்ல தேடினா வராத கச்சேரி, டிவி பேட்டின்னு அந்த ஊர் ஜனங்க போட்டதெல்லாம் கொட்டும். ஆல்பம் அட்டைல உள்ள குறிப்பை விடாம படிங்க, ஸ்மித்ஸோனியன் ஃபோக்வேஸ் அதுக்குத் தங்கம், பழைய ஆல்பங்களோட குறிப்பைக் கூட பிடிஎஃப்பா வச்சிருக்காங்க. ரேடியோ கார்டன்ல உலக உருண்டையைச் சுத்தி எந்த ஊர்ல வேணா நிறுத்தி இப்போ அங்க என்ன பாட்டு ஓடுதுன்னு கேக்கலாம். நியூயார்க் மெட் மியூசியம் 2017ல இருந்து தன் கைல இருக்கிற காப்புரிமை முடிஞ்ச படைப்புகளோட படங்களை இலவசமா திறந்து விட்டிருக்கு, ஆம்ஸ்டர்டாம் ரைக்ஸ் மியூசியமும் அப்படியே. பழைய படங்களுக்கு மார்ட்டின் ஸ்கோர்செஸி 2007ல ஆரம்பிச்ச வேர்ல்ட் சினிமா ப்ராஜெக்ட் என்னென்ன ரெஸ்டோர் பண்ணியிருக்காங்கன்னு பார்த்தாலே வருஷம் பூரா பார்க்க படம் இருக்கும்.

எல்லாத்தையும் பார்த்தே ஆகணும்னும் இல்ல. ஆஸ்திரேலியால பப்புன்யாங்கிற இடத்துல 1971ல பழங்குடி ஆண்கள் தங்களோட மண்ணுல வரையுற புனிதமான கதைகளைப் பலகைல பெயிண்ட்ல வரைய ஆரம்பிச்சாங்க. வெளியாளுங்க பார்க்கக் கூடாதது அதுல இருக்குன்னு அவங்க சமூகத்துலயே எதிர்ப்பு வந்ததும் மறைக்க வேண்டியதை மறைச்சு வரைய ஆரம்பிச்சாங்க, நாம அழகா இருக்கேன்னு பார்க்கிற புள்ளிகள்ல சிலது அந்த மறைப்புதான். ஒரு சமூகம் இது உனக்கு இல்லைன்னு சொன்னா அதோட நிறுத்திக்கிறதும் மரியாதைதான்.

இப்போ நான் பிடிச்சுக்கிட்டுப் போறது மெக்சிகோ நூல். கிராசியேலா இதுர்பிதே, சினிமா படிக்கப் போனவங்க, அங்க வாத்தியாரா இருந்த போட்டோகிராபர் மானுவெல் ஆல்வாரெஸ் பிராவோவுக்கு உதவியாளராப் போய் ஸ்டில் கேமராவுக்கே வந்துட்டாங்க. 1979ல ஹுச்சித்தான்ங்கிற ஊர்ல, சந்தைக்கு விக்கிறதுக்கு உயிரோட இகுவானாங்கிற பெரிய பல்லிகளைத் தலைல சுமந்துட்டு வந்த, சபொத்தெக் பழங்குடியைச் சேர்ந்த ஒரு அம்மாவைக் கீழ இருந்து எடுத்த படம் அவங்களோடது, கிரீடம் வச்ச மாதிரி இருக்கும். அந்த பிலிமோட கான்டாக்ட் ஷீட்டையும், அதாவது எல்லா பிரேமையும் சின்னதா ஒரே தாள்ல போட்டதையும் தேடிப் பாருங்க, மத்த பிரேம்ல அந்த அம்மா சிரிச்சுக்கிட்டு இருக்காங்க. இதுர்பிதேவை அந்த ஊருக்குக் கூப்பிட்டது ஃபிரான்சிஸ்கோ டொலேடோங்கிற ஓவியர், அவரும் சபொத்தெக்தான். ஓஹாக்கா நகரத்துல 1988ல கிராபிக் ஆர்ட்ஸுக்குன்னு ஒரு இன்ஸ்டிட்யூட்டும் பொது லைப்ரரியும் ஆரம்பிச்சாரு, 1996ல ஒரு போட்டோகிராபி சென்டர் திறந்தாரு, அதுக்கு வச்ச பேரு மானுவெல் ஆல்வாரெஸ் பிராவோ. 2014ல காணாமப் போன 43 மாணவர்களோட முகத்தைப் பட்டத்துல வரைஞ்சு பறக்க விட்டவரும் இவர்தான். இவரோட பிரிண்ட்டுகளைத்தான் இப்போ ஒண்ணொண்ணா பார்த்துட்டு இருக்கேன், வெட்டுக்கிளி, நண்டு, முதலைன்னு ஒரே ஜீவராசிக் கூட்டம், அடுத்து இவர்கூட வேலை செஞ்ச கைவினைக் கலைஞர்கள் யார் யாருன்னு தேடணும்.